கடை பூட்டிக் கிடந்த ஒன்பது நாள்

அன்பு மகனுக்கு,

அங்கே வெயில் கொளுத்தும் என்று நீ எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல் உன் பெட்டியில் நான் வைத்த கம்பளிச் சட்டையின் மடிப்புக்குள் இந்தக் கடிதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாதாரணமாகத்தான் கேட்டாய்: "ஏம்மா, நான் கம்பஸ்ல கடைசி வருஷ சோதனை எழுதுனப்போ நம்ம கடை ஒம்பது நாள் பூட்டிக் கெடந்துச்சே, மிஷின் ரிப்பேர்னுதானே சொன்னீங்க? பக்கத்துக் கடை பலீல் நானா வேற மாதிரி சொல்றாரே." அப்பா தலை குனிந்துகொண்டார். நான் உன் தட்டில் இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றிப் பேச்சை மாற்றிவிட்டேன். மிஷின் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது, தம்பி. உனக்குச் சோதனை நடக்கிறதே என்று ஒரு பொய் சொன்னேன். பிறகு அதை எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன். வெட்கத்தில் தொடங்குகிற கதைதான். ஆனால் உன் அம்மா வாழ்க்கையில் எதையாவது ஜெயித்திருக்கிறாளா என்று யாராவது கேட்டால், இதைத்தான் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற நம் கொமினிகேஷன் கடையில் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். போட்டோ கொப்பி, படிவம் நிரப்புதல், பாஸ்போர்ட் விண்ணப்பம், வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப வேண்டிய கடிதங்கள். தோட்டங்களிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈமெயில் முகவரி இருக்காது. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் போகாது. அதனால் நானே ஆளுக்கொரு முகவரி தொடங்கிக் கொடுப்பேன். கடவுச்சொல் கேட்டால் அவர்கள் விழிப்பார்கள், வெளியே வரிசை நீண்டுகொண்டிருக்கும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டேன்: உன் பெயர், அதோடு நீ பிறந்த வருஷம். கடையின் ஈமெயிலுக்கும் அதுதான். மறந்துபோய்த் திரும்பி வந்தால் எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். இன்னொன்றும் செய்தேன். அவர்களுடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றின் பிரதிகளையும் அழிக்காமல் கடை ஈமெயிலிலேயே வைத்திருந்தேன். ஐந்து வருஷக் காகிதம், முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்கள். "அக்காகிட்ட இருக்கும்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைக்கு நான் போட்டிருந்த பூட்டு எவ்வளவு சின்னது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் போட்டோ கொப்பி மை வாங்குகிற ஓர் இணையக் கடையிலிருந்து ஒருநாள் ஒரு கடிதம் வந்தது. யாரோ அவர்களுடைய கணினிக்குள் புகுந்து வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, கடவுச்சொல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதையே வேறு எங்காவது பாவித்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அது உண்மையான கடிதம். நான் வாசித்தேன். மை வாங்கிய கணக்கில் திருடன் எதைத்தான் திருடுவான் என்று நினைத்து மூடிவிட்டேன். அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் வாசித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. எங்கேயோ ஒரு கடையில் தொலைந்துபோன சாவி, நான் அதையே எல்லாக் கதவுக்கும் போட்டிருந்ததால், என் கதவையும் திறந்துவிட்டது. நீ இனிமேல் அப்படி ஒரு அறிவிப்பைக் கண்டால், வேலையைப் போட்டுவிட்டு அந்த நிமிஷமே எழுந்து மாற்று. ஆனால் அந்தக் கடிதத்தில் இருக்கிற இணைப்பை அழுத்தாதே. அப்படிக் கடிதம் எழுதவும் திருடனுக்குத் தெரியும். நீயாக அந்த இடத்துக்குப் போய் மாற்று.

மூன்று வாரம் கழிந்திருக்கும். காலை ஒன்பது மணிக்குப் பக்கத்துத் துணிக்கடை பலீல் நானா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "தங்கச்சி, இந்த மெயில் நீங்க அனுப்பினதா?" என்றார். வாங்கிப் பார்த்தேன். என் முகவரி, என் கடையின் பெயர். உங்கள் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிழை இருக்கிறது, இங்கே அழுத்தி விவரங்களை உறுதிசெய்யுங்கள், போனுக்கு வரும் ஆறு இலக்கத்தைப் பதிலாக அனுப்புங்கள் என்று இருந்தது. அவருடைய அடையாள அட்டை எண்ணும் சரியாக இருந்தது. "நான் அனுப்பலையே நானா" என்றேன். "அதுதான் நானும் யோசிச்ச. பத்து வருஷமா அண்ணன் மாதிரி நானான்னு கூப்பிடுற புள்ள, இன்னைக்கு என்னத்துக்கு 'அன்பான வாடிக்கையாளரே'ன்னு எழுதுறன்னு" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஈமெயிலைத் திறக்கப் போனேன். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. மூன்றாம் தடவையும் தவறு.

அதன் பிறகு நான் செய்த காரியத்தை அப்பாவுக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. கதவை இழுத்துப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன், தம்பி. காலை ஒன்பதிலிருந்து பகல் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை ஒன்றுமே செய்யவில்லை. யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அனுப்பியிருக்கமாட்டார்கள், தானாக அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டியவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு மணிக்கு மேல்தான் எழுந்தேன். அந்த ஈமெயிலைத் தொடங்கியபோது என் போன் நம்பரைக் கொடுத்திருந்தது ஞாபகம் வந்தது. மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தி, போனுக்கு வந்த எண்ணைப் போட்டு உள்ளே போனேன். புதிய, நீளமான கடவுச்சொல் போட்டேன். வேறு எங்கெல்லாம் அந்தக் கணக்குத் திறந்திருந்ததோ அத்தனையையும் மூடினேன். போனுக்கு எண் வந்தால்தான் திறக்கும்படி இரண்டாவது பூட்டும் போட்டேன். முடிந்தது என்று நினைத்து, ஒரு சந்தேகத்தில் அமைப்புகளையும் பார்த்தேன். எனக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் தெரியாத ஒரு முகவரிக்குப் போகும்படி செய்து வைத்திருந்தார்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு எழுந்திருந்தால் அவன் நிம்மதியாக வாசித்துக்கொண்டே இருந்திருப்பான். அதையும் அழித்தேன்.

பிறகு நான் தொடங்கிக் கொடுத்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஆளுக்கு வேறு வேறு கடவுச்சொல்லாக மாற்றி ஒரு கொப்பியில் எழுதினேன். உன் முகவரிக்கும் அதே கடவுச்சொல்தான், அதனால் அன்று மாலை உனக்குப் போன் பண்ணி, "ஒன் ஈமெயில் பாஸ்வேர்ட மாத்து, இப்பவே மாத்து" என்று கத்தினேன். நீ சிரித்தாய். ஆனால் மாற்றினாய், அதற்கு இன்றும் நன்றி. எல்லா முகவரியும் திறந்தது. மஸ்கெலியா பவானியின் முகவரி ஒன்று மட்டும் திறக்கவில்லை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "கடை வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டுனா போதாதா?" என்றார். "தோட்டத்துல இருக்குறவங்க மாசத்துக்கு ஒருக்கா டவுனுக்கு வர்றாங்க. நோட்டீஸ பாக்குறதுக்குள்ள அவன் எல்லாத்தையும் முடிச்சிருவான்." "அப்ப மெசேஜ் அனுப்பு." "என் பேர்ல வர்ற எதையும் நம்பாதீங்கன்னு என் பேர்லயே எப்படிங்க அனுப்புறது? அதையும் அவன்தான் அனுப்புறான்னு நெனைப்பாங்க." அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப நேர்ல போகணும்" என்றார். "திட்டுவாங்க." "திட்டட்டும். ஒன் மூஞ்சிய அவனால போட்டுக்கிட்டு வர முடியாதுல்ல." உன் அப்பா அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை. பேசினால் இப்படி ஏதாவது சொல்லிவிடுவார்.

அடுத்த நாள் விடிந்ததும் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கரப்பத்தனை பஸ்ஸைப் பிடித்தேன். அன்று தோட்டத்தின் சில லய வீட்டு வரிசைகளுக்குத்தான் போக முடிந்தது. கதவு கதவாகப் போனால் காலமெல்லாம் எடுக்கும் என்று விளங்கியது. அங்கேயே உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லோரும் ஒன்றாகக் கூடுகிற ஒரே நேரம் அதுதானே. வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயாவிடம் கெஞ்சினேன். "ரெண்டே நிமிஷம்மா, மழ வரப் போகுது" என்றார். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு நிற்கிற பெண்களுக்கு முன்னால் நின்றேன். இருந்ததை இருந்தபடி சொன்னேன். உங்க காகிதங்கள் எங்கிட்டருந்து களவு போயிருச்சு. தப்பு என்னோடது. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டேன். இனிமே யாராவது போன் பண்ணி ஒங்க பேரு, அடையாள அட்டை நம்பரு எல்லாஞ் சொல்லுவாங்க. சரியா சொல்றதாலேயே அவுங்கள நம்பிறாதீங்க. போனுக்கு வர்ற ஆறு நம்பர, நானே கேட்டாலும் சொல்லாதீங்க.

பிறகு செல்வமலர் முன்னால் வந்தார். அவருடைய மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். "நம்பித்தானே குடுத்தோம்?" என்றார். நான் ஆமாம் என்றேன். "எம் மகளோட பாஸ்போர்ட்டும் அதுல இருக்கா?" ஆமாம் என்றேன். "அவளுக்கு அங்க ஏதாச்சும் ஆனா?" தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, "அந்த ஆறு நம்பர் வெவரத்த இன்னொரு தடவ சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க, பின்னால கெழவிங்களுக்குக் கேக்கல" என்றார். நான் சத்தமாகச் சொன்னேன். ரெண்டு நிமிஷம் என்ற கண்டாக்கு ஐயா கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவரும் தன் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவருக்கும் அந்தக் கடிதம் வந்திருந்தது.

நாலாம் நாள் மஸ்கெலியாவுக்குப் போனேன். பவானியை உனக்குத் தெரியாது. உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறார், கணவர் விபத்தில் இறந்துவிட்டார். என் பெயரில் வந்த கடிதத்தை நம்பி ஆறு இலக்கத்தை அனுப்பிவிட்டார். அவர்கள் அவருடைய ஈமெயிலையும், அதன் வழியாகப் பேஸ்புக்கையும் பிடித்துக்கொண்டார்கள். கணவருடைய படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பழைய போன் உடைந்துவிட்டதால் வேறு எங்கும் பிரதி இல்லை. "எத்தன மணிக்கு அனுப்புனீங்க?" என்று கேட்டேன். "பன்னெண்டு மணி இருக்கும்" என்றார். எனக்கு ஒன்பது மணிக்கே தெரியும், தம்பி. நான் கதவைப் பூட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அவர் அதை அனுப்பியிருக்கிறார். அதையும் அவரிடம் மறைக்கவில்லை. அவர் உள்ளே போய்விட்டார். அந்தக் கணக்கை மீட்க எத்தனையோ வழி பார்த்தேன், கிடைக்கவில்லை. இன்றைக்கும் அவர் என் கடைக்கு வருவதில்லை. திருடனுடைய பெரிய கூட்டாளி நம்முடைய வெட்கம்தான் என்பதை அந்தப் பலசரக்குக் கடை வாசலில் நின்று படித்துக்கொண்டேன். உனக்கு இப்படி ஒன்று நடந்தால், நீயே தப்புச் செய்திருந்தாலும், முதல் நிமிஷத்திலேயே வாயைத் திற.

ஆனால் மற்றவர்கள் யாரையும் நான் விடவில்லை. மழையிலும் பனியிலும் பஸ் மாறி மாறிப் போனேன். ஒரு தோட்டத்தில் கோயில் மைக்கில் பேச விட்டார்கள். இன்னொரு தோட்டத்தில் நாய் துரத்தியது. டவுனில் பலீல் நானா தன் கடைக்கு வந்த அத்தனை பேரையும் துணி எடுக்கும் முன்னால் நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஏழாம் நாள் மறுபடியும் அக்கரப்பத்தனைப் பக்கம் போனபோது, தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்ததைப் பார்த்துச் செல்வமலர் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

நல்ல பணிவான குரல். கொழும்பு ஆபிஸிலிருந்து பேசுவதாகச் சொன்னான். செல்வமலரின் முழுப் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண், மகளின் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் ஒப்பித்தான். மகளுடைய விசாவில் சிக்கல், இன்றைக்கே சரிசெய்யாவிட்டால் அவளைப் பிடித்துவிடுவார்கள் என்றான். மகள் பெயரைக் கேட்டதும் செல்வமலரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு நொடி நான் பயந்தே போனேன். அவர் தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சைகை காட்டினார். அவள் தன்னுடைய போனிலிருந்து குவைத்துக்கு அழைத்தாள், செல்வமலரின் மகள் எப்போதும் பேசுகிற நம்பருக்கு. "என்னாக்கா? நான் சமையக்கட்டுல நிக்கிறேன், மொதலாளி அம்மாவும் இங்கதான் இருக்காங்க. என்ன விஷயம்?" என்று அவளுடைய குரல் கேட்டது. செல்வமலர் கண்ணை மூடித் திறந்தார். அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார்.

"மேடம், இப்ப ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லுங்க" என்றான் அவன்.

"வந்திருக்குங்க. எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்க மேடம்."

"மொத நம்பரு... நாங்க மலையில இருவது பொம்பளைங்க ஒக்காந்திருக்கோம். ரெண்டாவது நம்பரு... நீங்க பேசுறத எல்லாருந்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம். மூணாவது நம்பரு வேணுங்களா, இல்ல இது போதுங்களா?"

"மேடம்..." என்று அவன் இழுத்தான். "அட இருங்க தம்பி, எம் பொறந்த தேதியெல்லாம் எனக்கே ஞாபகமில்ல, நீங்க சொல்லித்தான் தெரிஞ்சிக்கிட்டேன். எம் மாமியா பொறந்த தேதியும் இருந்தா சொல்லுங்க, கோயில்ல அர்ச்சனைக்குக் கேக்குறாங்க" என்றார். போன் வெட்டப்பட்டது. அந்த மலையில் எழுந்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். ஒருத்தி கூடையைத் தட்டித் தாளம் போட்டாள். ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அன்று மட்டும் அந்தத் தோட்டத்தில் இன்னும் நான்கு பேருக்கு அவன் அழைத்தான். நாலு பேரும் அவனை ஆளுக்கொரு விதமாக வழியனுப்பி வைத்தார்கள். மகள் விஷயத்தில் பயந்த ஒரு தாய் அந்த ஒரு நொடியில் செய்ததை நீ மனதில் வை: அவன் கொடுத்த நம்பரை அவர் கேட்கவில்லை, தனக்கு ஏற்கெனவே தெரிந்த நம்பருக்குப் பேசச் சொன்னார். நீ அங்கே இருக்கும்போது, உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு யாராவது சொன்னால் நானும் அதைத்தான் செய்வேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உனக்குச் சொன்னால் நீயும் அதையே செய்.

நீ போகிற ஹோட்டலில் உனக்கு முன்பக்க மேசையில் வேலை என்றாய். வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் பாஸ்போர்ட்டை உன் கையில் கொடுப்பார்கள். களைத்துப்போய் வந்திருப்பார்கள், நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கக்கூட மாட்டார்கள். எனக்கு இருந்த இடம் அதேதான். தேவையில்லாத பிரதியை வைத்துக்கொள்ளாதே, வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லி மேலதிகாரியிடமும் கேள். உன் கடவுச்சொல்லை அவசரத்துக்கென்று சக ஊழியனிடம் கொடுக்காதே, அவனுடையதையும் வாங்கிக்கொள்ளாதே. உன்னை அவசரப்படுத்துகிற கடிதம் எதுவாக இருந்தாலும், முதலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அப்புறம் வாசி.

போன இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தபடி பத்தாம் நாள் காலை கடையைத் திறக்கப் போனேன். இனி யார் வருவார்கள் என்று நினைத்தபடிதான் டவுனில் நடந்தேன். திருப்பத்தில் பார்த்தால், என் கடை வாசலிலிருந்து பலீல் நானாவின் கடையைத் தாண்டி வரிசை நின்றது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள, சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். முதல் ஆள் செல்வமலர். உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் கொப்பியைத் திறந்து, அவருடைய முகவரியைத் திரையில் எடுத்து, "புது பாஸ்வேர்ட் என்ன போடட்டும்?" என்று வழக்கம்போல் விசைப்பலகையில் கையை வைத்தேன். அவர் என் கையை மெல்ல எடுத்து அப்பால் வைத்தார்.

"நீங்க அங்கிட்டு திரும்புங்க அக்கா. நான் அடிக்கிறேன்."

நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். எனக்குப் பின்னால், கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த அந்த விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பது கேட்டது. நீளமான சொல்தான், முடியவே இல்லை. "பாக்கக் கூடாது" என்று நடுவில் ஒருமுறை அதட்டினார். பிறகு அடுத்தவர் வந்தார், அவரும் திரும்பச் சொன்னார். அதற்கடுத்தவரும். சாயந்தரம் வரைக்கும் என் சொந்தக் கடையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன், தம்பி. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

போய்விட்டு வா, ராசா.

உன் அம்மா